31 சதவீதத்தில் அணைந்த போன்

2024 ஜனவரி. ஏற்காட்டு மலையில் நாகலூருக்குப் பக்கத்தில் ஒரு வீட்டுக் களம். காலை ஏழரை மணி, எதிர்வீட்டுக் கூரை தெரியாத அளவுக்கு மூடுபனி. காய்ந்த காப்பி நாலு மூட்டை எடை போட்டாயிற்று. கணக்கு எழுதி, பெரியவரின் மகன் நீட்டிய கியூஆர் அட்டையை ஸ்கேன் செய்து, தொகையைத் தட்டி, பின் நம்பர் போடப் போன நேரத்தில் போன் அணைந்துவிட்டது. மேல் மூலையில் 31 சதவீதம் இருந்ததை நான் பார்த்தேன். அந்தப் பையனும் பார்த்தான்.

பட்டனை அழுத்தினால் கம்பெனிப் பெயர் வரும், மறுபடி இருட்டாகும். "பரவாயில்லைங்க, நாளைக்குக் குடுங்க" என்றார் பெரியவர். மனசாரத்தான் சொன்னார். ஆனால் எங்கள் தொழிலில் எடை போட்ட கையோடு காசு கொடுப்பவனுக்குத்தான் அடுத்த வருஷமும் மூட்டை கிடைக்கும். காசு கொடுக்காமல் சரக்கை ஏற்ற எனக்கு மனசு வரவில்லை. மூட்டையை அங்கேயே விட்டுவிட்டு வண்டியைத் திருப்பினேன். இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி, அடிவாரத்து டீக்கடையில் சார்ஜர் போட்டதும் போன் எழுந்து உட்கார்ந்தது. 29 சதவீதம் என்று காட்டியது.

எனக்கு வீடு சேலம் அஸ்தம்பட்டி. ஏற்காட்டு மலையில் சிறு விவசாயிகளிடம் காப்பியும் மிளகும் வாங்கி செவ்வாய்ப்பேட்டை லீ பஜாரில் கொடுக்கிறேன். வாரத்தில் மூன்று நாலு நாள் மலையில்தான். தராசுக்கு அடுத்தபடியாக எனக்குத் தொழில் கருவி என்றால் போன்தான். அது 2021 மார்ச்சில் வாங்கியது. எந்த கம்பெனி என்பது இங்கே முக்கியமில்லை.

அன்று சாயங்காலமே ஐந்து ரோட்டில் ஒரு கடைக்குப் போய்விட்டேன். கோபத்தோடு கடைக்குப் போகக்கூடாது என்பதை அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டேன். கண்ணாடி முதுகு, ஓரம் வளைந்த திரை, 5ஜி, மூன்று கேமரா, 26,000 ரூபாய். மாதத் தவணைக்கு ஆதார் நம்பர் சொன்னால் போதும் என்றார்கள். சொல்லியிருப்பேன். வீட்டுக்கு போன் போட்டு விஷயத்தைச் சொன்னதும் என் மனைவி கேட்ட ஒரு கேள்விதான் என்னை நிறுத்தியது. "ஏங்க, அந்தப் போன்ல எது கெட்டுப்போச்சு? பேட்டரியா, போனா?"

எனக்குப் பதில் தெரியவில்லை.

மறுநாளிலிருந்து கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுத ஆரம்பித்தேன். போன் எப்போதெல்லாம் கையை விரித்ததோ அந்த இடம், நேரம், அப்போது என்ன செய்துகொண்டிருந்தேன், இவ்வளவுதான். பதினைந்து நாளில் 26 வரி சேர்ந்தது. அதில் 11 பேட்டரி, 7 சிக்னல், 4 போனுக்குள் சேமிக்கும் இடம் நிரம்பிவிட்டது, 3 கேமரா குவியவில்லை, 1 ஈரக்கையின் ரேகையை போன் எடுக்கவில்லை. போன் மெதுவாகிவிட்டது என்று நான் வாய்க்கு வாய் சொல்லிக்கொண்டிருந்தேனே, அந்தப் புகார் தனியாக ஒரு வரியாகக்கூட வரவில்லை. மெதுவாக ஓடிய நாளெல்லாம் இடம் நிரம்பிய நாளாகவோ சார்ஜ் இறங்கிய நாளாகவோ இருந்தது. புதுசு வாங்க நினைக்கிற யாருக்கும் நான் முதலில் சொல்வது இந்த நோட்டைத்தான். வாங்கும் ஆசை வந்த அன்றே எழுத ஆரம்பித்துவிட வேண்டும்.

சிக்னல் கணக்கில் இருந்த ஏழையும் எடுத்துப் பார்த்தேன். ஐந்து, மஞ்சக்குட்டைப் பக்கத்து இரண்டு இடத்திலேயே நடந்திருந்தது. அங்கே இருக்கிற விவசாயிகளிடம் கேட்டதில் எல்லாரும் வேறு கம்பெனி சிம் வைத்திருந்தார்கள். அந்த கம்பெனி சிம் ஒன்று வாங்கி போனின் இரண்டாவது சிம் இடத்தில் போட்டேன், தீர்ந்தது. புதுப் போன் வாங்கியிருந்தால் அதே மரத்தடியில் அதே சிம்மோடுதான் நின்றிருப்பேன்.

சரி, 31 சதவீதத்தில் ஏன் அணைந்தது? இதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஒரு வாரம் ஆனது. மாடித் தொட்டியில் தண்ணீர் இருக்கிறது, ஆனால் குழாய்க்குள் உப்பு படிந்து அடைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு குழாயை மட்டும் திறந்தால் தண்ணீர் வரும். மூன்றையும் ஒன்றாகத் திறந்தால் நூலாக ஒழுகும். லித்தியம் பேட்டரி பழசாக ஆக உள்ளே தடை கூடுகிறது, குளிரில் அந்தத் தடை இன்னும் கூடும். கேமரா, இணையம், திரை மூன்றும் ஒரே நேரத்தில் மின்சாரம் கேட்டால் மின்னழுத்தம் சட்டென்று இறங்கும். போன் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அணைந்துவிடும். தொட்டியில் 31 சதவீதம் இருப்பது பொய்யில்லை. ஆப்பிள் நிறுவனம் 2017 டிசம்பரில் ஒப்புக்கொண்ட விஷயமும் இதை ஒட்டியதுதான். பேட்டரி தளர்ந்த ஐபோன்கள் இப்படித் திடீரென்று அணையாமல் இருக்க அவற்றின் வேகத்தைக் குறைத்ததாகச் சொன்னார்கள். எத்தனை பேர் அந்த வேகக் குறைவைப் பார்த்துவிட்டுப் போனையே மாற்றியிருப்பார்கள் என்று நினைத்தால் எனக்கு இப்போதும் வருத்தமாக இருக்கிறது. பேட்டரியை மாற்றியிருந்தால் போதுமே.

பேட்டரி மாற்றுவது அந்தக் காலத்தில் ஒரு வேலையே இல்லை. நகத்தால் முதுகைக் கழற்றி, எடுத்து, போடலாம். தண்ணீர் புகாமல் இருக்கத்தான் ஒட்டிவிட்டோம் என்று இப்போது சொல்கிறார்கள். அதில் உண்மை உண்டு, முழு உண்மை இல்லை. 2014-இல் வந்த சாம்சங் கேலக்ஸி எஸ்5-க்கு முதுகு கழன்று வரும், ஐபி67 என்கிற தர எண் அளவுக்குத் தண்ணீர்த் தடுப்பும் இருந்தது. அடுத்த வருஷம் வந்த எஸ்6 கண்ணாடியும் உலோகமுமாக அழகாக வந்தது. பேட்டரியைக் கழற்ற முடியாது, மெமரி கார்டு கிடையாது, தண்ணீர்த் தடுப்பும் கிடையாது. மெலிசுக்கும் பளபளப்புக்கும் கொடுத்த விலை அது. யாரோ ஒருவர் மேசையில் உட்கார்ந்து, எதை வைத்துக்கொள்வது எதை விடுவது என்று முடிவு செய்கிறார். அந்த முடிவு என் வேலைக்கு ஒத்து வருகிறதா என்று நான்தான் பார்க்க வேண்டும்.

கம்பெனி சர்வீஸ் சென்டரில் என் மாடலுக்குப் பேட்டரி இல்லை, வர நாளாகும் என்றார்கள். சீசன் நேரம், காத்திருக்க முடியாது. பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு சின்னக் கடைக்குப் போனேன். கடைத் தம்பி முதுகைச் சூடு பண்ணி, பசை இளகியதும் மெல்லிய பிளாஸ்டிக் அட்டையை ஓரத்தில் விட்டு, தேங்காய்ப் பத்தையை ஓட்டிலிருந்து எடுப்பது மாதிரி பொறுமையாகக் கழற்றினான். பழைய பேட்டரி நடுவில் லேசாக உப்பியிருந்தது. அதற்குப் பதிலாக ஒரு பேட்டரியை எடுத்து வைத்தான். 600 ரூபாய். மேலே 4,500 எம்ஏஎச் என்று அச்சடித்திருந்தது. பேட்டரி எவ்வளவு மின்சாரம் பிடிக்கும் என்கிற கணக்கு அது. என்னுடையது 4,000. "இது இன்னும் ஜாஸ்தி நிக்கும் அண்ணா" என்றான்.

மிளகு சாம்பிள் எடை போட ஒரு சின்ன எலக்ட்ரானிக் தராசு எப்போதும் என் பையில் இருக்கும். ஏனோ தோன்றியது, எடுத்து வைத்தேன். பழையது 58 கிராம். புதியது 43 கிராம். மிளகில் ஒரு லிட்டர் அளந்து எடை பார்ப்போம். எடை குறைந்தால் உள்ளே சொத்தை, பார்வைக்கு எவ்வளவு உருண்டையாக இருந்தாலும் சரி. பேட்டரியும் அப்படித்தான். ஒரே அளவு உறைக்குள் கூடுதல் மின்சாரம் என்று எழுதிவிட்டு எடை நாலில் ஒரு பங்கு குறைந்தால் அந்த எழுத்து பொய். தம்பி தராசைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், ஒன்றும் பேசாமல் உள்ளே போய் வேறொன்று கொண்டுவந்தான். 57 கிராம், 1,450 ரூபாய். அதைப் போட்டேன். அவனை நான் குறை சொல்ல மாட்டேன். அவனுக்கு வருகிற பெட்டியில் அப்படித்தான் எழுதி வருகிறது. இப்போது அவன் கடையிலும் ஒரு தராசு இருக்கிறது.

கிளம்பும்போது அவன் சொன்னதையும் சொல்லிவிட வேண்டும். "அண்ணா, ஒருதடவ தொறந்தா பழைய ஒட்டு வராது. மழைல பத்திரம்." ஒருமுறை திறந்த போனை ஐபி எண்ணை நம்பி நனையவிடக் கூடாது. அன்றிலிருந்து மலைக்குப் போகும்போது ஜிப் போட்ட பிளாஸ்டிக் உறைக்குள் வைத்துக்கொள்கிறேன்.

பேட்டரி மாற்றியும் மனசு அடங்கவில்லை என்பதுதான் நிஜம். கடையில் பார்த்தது கண்ணுக்குள்ளேயே நின்றது. என் மச்சினன் அதே ரகத்தில் ஒரு போன் வைத்திருக்கிறான். லீவுக்கு வந்தவனிடம், ஆறு நாள் மாற்றிக்கொள்வோமா என்று கேட்டேன். சிம்மைக் கழற்றி அதில் போட்டுக்கொண்டு மலைக்குப் போனேன். கடை வெளிச்சத்தில் ஐந்து நிமிஷம் தடவிப் பார்ப்பதற்கும் ஆறு நாள் வேலைக்கு எடுத்துப் போவதற்கும் இவ்வளவு வித்தியாசம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

திரை அற்புதம். அதை மறைக்க மாட்டேன். களத்தில் உச்சி வெயிலில் என் பழைய போனைக் கையால் மறைத்துக்கொண்டுதான் படிப்பேன், இது அப்படியே தெரிந்தது. ஆனால் வளைந்த ஓரத்தில் என் உள்ளங்கை பட்டு, தொடாததெல்லாம் திறந்தது. கைரேகை திரைக்கு அடியில். மூடுபனியில் ஈரமான விரலை மூன்று முறை வைத்தும் எடுக்கவில்லை. கண்ணாடி முதுகு மிளகுத் தூசி பட்ட கையில் வழுக்கியது. உறை போட்டேன், போட்டதும் அந்த மெலிசும் அழகும் உறைக்குள் போய்விட்டது. ஒயர் இயர்போனுக்கு ஓட்டை இல்லை. ஐபோன் 7 அதை 2016-இல் எடுத்தது, பிறகு ஒவ்வொருவராக எடுத்துவிட்டார்கள். மெமரி கார்டுக்கும் இடமில்லை.

5ஜி விஷயம் இன்னொரு பாடம். கொண்டப்பநாயக்கன்பட்டி தாண்டும்வரை பறந்தது. வளைவு ஏற ஏற 5ஜி, 4ஜி, மறுபடி 5ஜி என்று தாவித் தாவி, மேலே போய்ச் சேரும் முன்பே பேட்டரி கணிசமாக இறங்கியிருந்தது. இதற்குக் காரணம் எளிது. அலைவரிசை எண் குறைவாக இருந்தால் அலை தூரம் போகும், மேடு மரத்தைத் தாண்டியும் ஓரளவு எட்டும். 700, 850 மெகாஹெர்ட்ஸ் அப்படிப்பட்டவை. 3,500 மெகாஹெர்ட்ஸ் 5ஜி வேகத்தைக் கொட்டும், தூரம் எட்டாது. சிக்னல் மெலிந்த இடத்தில் போன் டவரைப் பிடிக்க உரக்கக் கத்த வேண்டியிருக்கிறது, அந்தக் கத்தலுக்கு மின்சாரம் செலவாகிறது. அதனால் இப்போது அடிவாரத்திலேயே 4ஜி மட்டும் என்று மாற்றிவிடுவேன். கூப்பிட யாரும் இல்லாத நேரமென்றால் ஏறி முடிக்கும்வரை விமானப் பயன்முறை. இந்த ஒரு பழக்கமே எனக்கு மதியத்துக்கு மேல் இரண்டு மணி நேரம் சம்பாதித்துக் கொடுத்தது.

கேமராவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எனக்கு அதில்தான் பணம். நான் அனுப்புகிற படத்தைப் பார்த்துத்தான் லீ பஜார் மண்டியில் விலை பேசுகிறார்கள். மச்சினன் போனில் மிளகு எடுத்தால் ஒவ்வொரு மணியும் கறுகறுவென்று, சுருக்கம் எண்ணலாம் போல வந்தது. சந்தோஷமாக அனுப்பினேன். சரக்கு போய்ச் சேர்ந்ததும் மண்டிக்காரர் கூப்பிட்டார். "படத்துல கறுப்பா இருந்துச்சு தம்பி, மூட்டையில சாம்பலா இருக்கே?" என் நாணயத்தைச் சந்தேகப்பட்ட கேள்வி அது. போன் தானாகவே நிழலை ஆழமாக்கி, ஓரத்தைக் கூர்மையாக்கி, பார்க்க அழகாகக் கொடுத்திருக்கிறது. மலைக்காட்சிக்கு அது நல்லது, சரக்குக்கு அது பொய். இப்போது யார் போனில் எடுத்தாலும் தானியங்கி அழகுபடுத்தலை அணைத்துவிட்டு, ஒரு வெள்ளைத் தாள் மேல் மிளகைக் கொட்டி, நிழலில் வைத்து எடுக்கிறேன். தாள் படத்தில் வெள்ளையாகத் தெரிந்தால் மிளகின் நிறமும் ஏறக்குறைய சரியாக இருக்கும்.

மெகாபிக்சல் எண்ணிக்கையிலும் நான் நிறைய ஏமாந்திருக்கிறேன். 50 மெகாபிக்சல் என்று போட்டிருக்கும். பெரும்பாலும் நாலு புள்ளியை ஒன்றாகச் சேர்த்துப் பன்னிரண்டு சொச்சமாகத்தான் படம் கொடுக்கும். வெளிச்சம் குறைந்த இடத்தில் அது நல்லதும்கூட. உண்மையில் வேலை செய்வது உள்ளே இருக்கிற சென்சாரின் பரப்பளவு. பரப்பு பெரிதானால் லென்ஸ் தள்ளி நிற்க வேண்டும். அதனால்தான் முதுகில் அந்த மேடு. மூன்று கேமராவில் ஒன்று 2 மெகாபிக்சல் என்றிருந்தால் அது எண்ணிக்கைக்கு வைத்தது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

என் பழைய போனின் கேமரா குவியாமல் போனதற்குக் காரணம் நானேதான். வழி பார்க்க வண்டியின் கைப்பிடியில் பிடிப்பான் மாட்டி, மூன்று வருஷம் மலை ஏறி இறங்கியிருக்கிறேன். லென்ஸை ஆடாமல் பிடிக்கிற நுண்ணிய காந்த அமைப்பு கேமராக்களுக்குள் இருக்கிறது. மோட்டார் சைக்கிள் எஞ்சினின் அதிர்வு அதைக் கெடுக்கலாம் என்று ஆப்பிளே 2021-இல் எச்சரித்திருந்தது. எனக்கு அது 2024-இல்தான் தெரிந்தது. பிடிப்பானைக் கழற்றிவிட்டேன். வெயிலும் அங்கேதான் நேராக அடித்தது. ஐபோனுக்கு ஆப்பிள் சொல்லும் சுற்றுப்புற வெப்பம் 0 முதல் 35 டிகிரி வரை. சேலத்துச் சித்திரையில் நிழலிலேயே அதைத் தாண்டும். பேட்டரியைச் சீக்கிரம் கிழடாக்குவது சூடு, அதிலும் சூட்டோடு சார்ஜ் போடுவது. மலையிலிருந்து வந்ததும் உறையைக் கழற்றி, ஆறவிட்டு, பிறகுதான் சார்ஜ் போடுகிறேன். 80 வந்ததும் எடுத்துவிடுகிறேன்.

ஆறாம் நாள் போனை மச்சினனிடம் திருப்பிக் கொடுக்கும்போது ஏக்கம் போயிருந்தது. அவனுக்கு அது நல்ல போன். உட்கார்ந்த இடத்தில் வேலை, பக்கத்திலேயே சார்ஜர், கையில் ஈரம் கிடையாது.

அப்புறம்தான் கவனித்தேன். நோட்டு எழுத வேண்டியது நான் மட்டுமில்லை. என் மனைவி வீட்டில் கொலுசுக்குக் கண்ணி கோர்க்கிறாள். வெள்ளிக் கம்பியும் குறடும் பிடித்துப் பிடித்து அவள் வலது கட்டைவிரலிலும் ஆட்காட்டி விரலிலும் ரேகை தேய்ந்துபோயிருக்கிறது. எத்தனை வருஷமாகவோ அவள் போன் அவள் விரலை ஏற்றுக்கொள்ளவில்லை, அவளும் சொல்லவில்லை. அவளுடையது 2019-இல் வாங்கியது, 2 ஜிபி ரேம், 32 ஜிபி இடம். பாதுகாப்பு அப்டேட் நின்று வெகுநாள் ஆகியிருந்தது. கூலி வருவது அந்தப் போனில்தான், பேங்க் ஆப் இருப்பதும் அதில்தான். எனக்கு 26,000 செலவழிக்க இருந்தவன் இதை எப்படிப் பார்க்காமல் இருந்தேன் என்று இன்றும் மனசு உறுத்துகிறது. பேட்டரி மாற்றி மாற்றி எவ்வளவு நாள் வேண்டுமானாலும் ஓட்டலாம், ஆனால் பாதுகாப்பு அப்டேட் நின்ற போனில் பணம் வைத்திருக்கக் கூடாது. இதில் மட்டும் நான் கண்டிப்பானவன். அமைப்புகளில் ஆண்ட்ராய்டு பாதுகாப்பு அப்டேட் என்று ஒரு தேதி இருக்கும். அது ஒரு வருஷத்துக்கு மேல் பழசாக இருந்தால் மாற்ற நேரம் வந்துவிட்டது.

அவளுக்கு வாங்கினோம், 13,000-க்குள். ரேகைக்குக் கடைக்காரர் ஒரு வழி சொன்னார்: வேலையில் தேயாத விரலைப் பதியுங்கள். இடது கை மோதிர விரலைப் பதிந்தாள். முதல் முறையே திறந்தது. அதே விரலை இரண்டு தடவை தனித்தனியாகப் பதிந்து வைத்தால் இன்னும் நன்றாக எடுக்கிறது.

என் போனுக்கு நாலு வருஷம் அப்டேட் என்று சொல்லியிருந்தார்கள். 2025 மார்ச்சில் நின்றது. ஏப்ரலில் வாங்கப் போனேன், இந்த முறை கோபமில்லாமல். பையில் ஒரு கைப்பிடி மிளகு, ஒரு வெள்ளைத் தாள். கடைப் பையனிடம் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டு விரலை நனைத்து ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். வாசலுக்கு எடுத்துப் போய் வெயிலில் படித்தேன். ஒரு கையால் பிடித்துக் கட்டைவிரல் எங்கே வரை எட்டுகிறது என்று பார்த்தேன். எத்தனை வருஷம் அப்டேட், எந்தத் தேதியிலிருந்து என்று கேட்டேன். கூகுளின் பிக்சல் 8, சாம்சங்கின் கேலக்ஸி எஸ்24 போன்றவற்றுக்கு ஏழு வருஷம் என்று அறிவித்த பிறகு, விலை குறைந்த போன்களிலும் இதைக் கேட்டு வாங்க நமக்கு ஒரு பிடி கிடைத்திருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் விற்பனைக்கு வரும் போன்களின் பேட்டரி 800 முறை சார்ஜ் ஏறி இறங்கிய பிறகும் 80 சதவீதம் தாங்க வேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள். இங்கேயும் பெட்டி மேல் அந்த எண்ணைப் போட வைத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

கடைசியில் வாங்கியது கொஞ்சம் தடிமன். பிளாஸ்டிக் முதுகு, தட்டையான திரை, பக்கவாட்டில் ரேகை. அதில் மெமரி கார்டு போட்டால் இரண்டாவது சிம் போட முடியாது. மலைக்கு இரண்டு சிம் வேண்டும் என்பதால் கார்டை விட்டேன், இடம் அதிகமுள்ள ரகமாக 2,000 ரூபாய் கூடக் கொடுத்தேன். இயர்போன் ஓட்டையையும் விட வேண்டியிருந்தது. அது மட்டும் கொஞ்சம் குறைதான்.

பழைய போனிலிருந்து பேங்க் ஆப்பையும் பண ஆப்பையும் எடுத்துவிட்டு, சிம்மைக் கழற்றி அப்பாவிடம் கொடுத்தேன். அதில் எஃப்எம் உண்டு, ஒயர் இயர்போன்தான் அதற்கு ஏரியல். அப்பா அந்த ஒயரை ஜன்னல் கம்பியில் சுற்றி மாட்டிவிட்டு, ஸ்பீக்கரில் தருமபுரி வானொலி கேட்கிறார். சிம் இல்லாததால் டவரோடு பேசும் வேலை குறைவு. அந்த 57 கிராம் பேட்டரி மூன்று நாள் நிற்கிறது.